பட்டியலில் இல்லாத கண்

ஏணி வந்துவிட்டாரா என்று விசாரித்துவிட்டுத்தான் இந்த ஊர்ப் பத்திரிகைகளின் படப்பிரிவில் இருப்பவர்கள், தங்கள் ஆளை அனுப்புவதா வேண்டாமா என்று யோசிப்பார்கள். ஏணி என்பது பட்டப்பெயர். கூட்டம் எவ்வளவு பெரியதானாலும் அவருக்கு மறைக்காது. ஒரு தோளில் கேமரா, மறு தோளில் மூன்று படி மடக்கு ஏணி. அவரே அறுத்துச் சுருக்கிக் கீல் வைத்தது. நாற்பத்தொரு வருடத்தில் அந்த ஏணி போய் நிற்காத தீ இல்லை, வெள்ளம் இல்லை, ஊர்வலம் இல்லை. ஒரு பத்திரிகையிலும் அவர் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்தது கிடையாது. பள்ளிக்கூடம் ஏழாவதோடு சரி. படம் கழுவும் கடையில் தட்டு துடைக்கச் சேர்ந்து, யாரும் சொல்லித் தராமல், பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்த மனிதர். படித்துவிட்டு வந்தவர்கள் மீட்டர் வைத்து வெளிச்சத்தை அளந்துகொண்டிருக்கும்போது, இவர் புறங்கையை வெயிலில் நீட்டிப் பார்த்தே கணக்குச் சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. தப்பியது என்று சொல்பவர் யாராவது இருந்தால் நேரில் வரட்டும்.

அப்படிப்பட்டவருக்குப் புதுக் கேமராக்கள் என்றால் இளக்காரம். வருடத்துக்கு இரண்டு வருகின்றன. கேமரா வாடகைக் கடைக்காரம்மா ஒவ்வொன்றையும் அவர் முன்னால் கொண்டுவந்து வைப்பார். இவர் தூக்கிப் பார்ப்பார், கண்ணில் வைப்பார், திரும்ப மேஜைமேல் வைத்துவிடுவார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. எல்லாத்தையும் அதுவே பாத்துக்குது. நான் எதுக்குன்னுதான் தெரியல."

கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர்களும் அந்தக் கேமராவைத் தொடமாட்டார்கள். கடைக்காரம்மாவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். இந்தத் தடவை அவர் வாயைத் திறக்க விடாமல், மூன்று நாள் வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள் என்று புதுக் கேமராவையும் அதற்கான நீள லென்ஸையும் பையில் போட்டுக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

வீட்டில் அதைத் திறந்து பார்த்தது அவர் மனைவி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவர். எந்தத் தாள் கிடைத்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைக்கமாட்டார். கேமராவோடு வந்த குறிப்புப் புத்தகத்தையும் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்து, ஒரு பொத்தானை அழுத்தினார். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியாம். மனிதக் கண் எங்கே இருந்தாலும் கேமரா தானே கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு சின்னப் பச்சைக் கட்டத்தை வைத்துவிடும். கூர்மையெல்லாம் அந்தக் கண்ணில்தான் நிற்கும்.

ஏணி கேமராவைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். பச்சைக் கட்டம் மனைவியின் இடது கண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. மனைவி சமையலறைக்குப் போனார், கட்டமும் போனது. கண்ணாடி போட்டார், கண்ணாடிக்குள்ளும் கண்டுபிடித்தது. குனிந்து பாத்திரம் எடுத்து நிமிர்ந்தார், அதற்குள் கட்டம் அங்கே காத்திருந்தது.

"நாப்பது வருஷமா நீங்க பாக்காததை இது மூணு நிமிஷத்துல பாத்துடுச்சு" என்றார் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. கேமராவை அப்படியே திருப்பினார். கட்டம் சுவரில் மாட்டியிருந்த பழைய குடும்பப் படத்தில் மாமனாரின் கண்ணில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து தாவி, மாவு டப்பாவில் அச்சடித்திருந்த குழந்தையின் கண்ணுக்குப் போனது. அவருக்கு அது போதும். உசிரோட இருக்கிற ஆளுக்கும் டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாத மெஷின் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். ராத்திரி படுக்கும்போது மனைவி கேட்காமலே அதை இன்னொரு முறையும் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை, துணிக்கடைத் தெருவுக்குப் பின்னால் நான்கு மாடிக் கட்டிடம் ஒன்று இடிந்து விழுந்தது. கீழே தையல் பட்டறை, மேலே குடித்தனங்கள். பட்டறை திறக்காத நேரம் என்பதால் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். மீட்புப் படை அன்று முழுக்கவும் இரவு முழுக்கவும் தோண்டியது. மறுநாள் காலையில் பதினேழு பேருடைய பட்டியல் கணக்குத் தீர்ந்தது. பதினான்கு பேர் ஆஸ்பத்திரியில், மூன்று பேர் உயிரோடு இல்லை. இனி இடிபாட்டை அள்ளுவதுதான் பாக்கி.

முதல் நாள் ஏணி தன் பழைய கேமராவோடு போய்ச் சக்கை போடு போட்டார். இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் புதுக் கேமராவை எடுத்துக்கொண்டு எதிர்ப்புறக் காகிதக் கிடங்கின் மொட்டைமாடிக்கு ஏறினார். மற்றப் படக்காரர்கள் போலீஸ் கட்டிய கயிற்றுக்கு வெளியே முண்டியடித்துக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் மேலே போக வழி கிடைத்தது எப்படி என்றால், கிடங்குக் காவல்காரரின் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது யார் என்று கேட்க வேண்டும்.

மேலேயிருந்து பார்த்தபோது கேமரா தன் வேலையைக் காட்டியது. எண்பதடி தூரத்தில், தலைக்கவசமும் முகமூடியும் தூசும் மறைத்த மீட்புக்காரர்களின் கண்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தது. அவர் மனதுக்குள் ஒப்புக்கொண்டார், வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் லென்ஸ் கிழக்கு மூலைக்குப் போகும்போதெல்லாம் சனியன் பிடித்தது. உடைந்த மாடிப்படிக்குப் பக்கத்தில் இரண்டு காங்கிரீட் பலகைகளுக்கு நடுவே ஒரு இருட்டுச் சந்து. ஆட்களை விட்டுவிட்டு, பச்சைக் கட்டம் அந்தச் சந்துக்குள் தாவிப் போய் உட்கார்ந்தது. இவர் இழுத்தார், அது மறுபடி போனது. அந்த இழுபறியில் மோப்ப நாய் தன்னைக் கூட்டிவந்தவரின் மடியில் தலைவைத்துத் தூங்கிய ஒரு காட்சி கலங்கலாகப் போயிற்று. வருடத்துக்கு ஒரு முறை கிடைக்கிற படம். எரிச்சல் தலைக்கேறியது. மாவு டப்பா ஞாபகம் வந்தது. படிக்கட்டில் ஒட்டிய எந்த விளம்பரக் காகிதத்தைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கிறதோ என்று திட்டிக்கொண்டே, மனைவி காட்டிய பொத்தானை அழுத்தி அந்த வசதியை அணைத்தார்.

அப்போது மணி பத்து. அவர் தன் சாமர்த்தியங்களை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொன்னாலும், இந்தப் பத்து மணியை மட்டும் குரலை இறக்கித்தான் சொல்வார்.

பதினொன்றரை வரை பழைய பாணியில் தன் கண்ணை நம்பியே எடுத்தார். பிறகு நிழலில் உட்கார்ந்து, பத்திரிகைக்கு அனுப்பப் படங்களைப் பொறுக்க ஆரம்பித்தார். தூங்கும் நாயைத் தேடும்போது அந்தச் சந்துப் படங்கள் வந்தன. ஒரே அழுத்தலில் விழுந்த ஏழு படங்கள். அழித்துவிடலாம் என்று கட்டைவிரலை வைத்தவர், அப்படி எதைத்தான் பிடித்தது பார்ப்போம் என்று பெரிதாக்கினார். இருட்டு. இருட்டுக்குள் சாம்பல் பூசிய ஒரு வளைவு. வளைவுக்குள் மிளகளவு ஒரு ஒளிப்புள்ளி. வெயில் சாய்வாக விழுந்த நேரம். கண்ணாடிச் சில்லாக இருக்கலாம். பித்தளை ஆணியாகவும் இருக்கலாம்.

அடுத்த படம், அதே புள்ளி. அதற்கடுத்ததும் அதேதான். நான்காவது படத்தில் புள்ளி இல்லை. ஐந்தாவதில் திரும்ப இருந்தது.

அவர் முன்னும் பின்னுமாகக் கேமராச் சக்கரத்தை உருட்டினார். மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து, நான்கு, மூன்று. கண்ணாடிச் சில்லு அணைந்து எரியாது. ஆணிக்கு இமை கிடையாது.

எழுந்து விளிம்புக்கு வந்து பார்த்தார். கிரேன் கிழக்கு மூலைக்குத் திரும்பியிருந்தது. சந்துக்கு மேலே இருந்த பலகையைச் சுற்றி இரண்டு பேர் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதைத் தூக்கினால் அதன்மேல் சாய்ந்திருப்பது முழுவதும் சந்துக்குள்தான் இறங்கும்.

அறுபத்திரண்டு வயதில் நாலு மாடிப் படியை எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. ஏணியை மேலேயே விட்டுவிட்டார். கயிற்றைத் தாண்டியபோது ஒரு போலீஸ்காரர் சட்டையைப் பிடித்தார். சட்டையைக் கிழிய விட்டுவிட்டுப் போய் மீட்புப் படை அதிகாரியின் முன்னால் நின்றார்.

"சார், கிரேனை நிறுத்துங்க. அந்த மூலையில ஆள் இருக்கு."

இரண்டு நாள் தூக்கமில்லாத அதிகாரி, பட்டியல் முடிந்துவிட்டது, அந்தப் பக்கம் குடித்தனமே கிடையாது என்று பொறுமையாகச் சொன்னார். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்.

என் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்த மனிதருக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும்.

"என் கண்ணுக்குத் தெரியல சார். இதுக்குத் தெரிஞ்சுது. காலையிலேயே சொல்லுச்சு. நான்தான் நம்பாம அணைச்சு வெச்சுட்டேன்."

அதிகாரி திரையைப் பார்த்தார். தூசு என்றார். இவர் சக்கரத்தை உருட்டிக் காட்டினார். புள்ளி இருந்தது, மறைந்தது, வந்தது. அதிகாரி கேமராவைத் தன் கையில் வாங்கித் தானே உருட்டினார். மூன்றாவது தடவை உருட்டி முடித்துவிட்டு, வலது கையை மேலே தூக்கினார்.

கிரேன் நின்றது. மண் அள்ளும் வண்டி நின்றது. ஜெனரேட்டரையும் அணைத்தார்கள். தெரு முழுக்க நின்ற கூட்டம் எதற்கென்று தெரியாமலே வாயை மூடிக்கொண்டது. மீட்புக்காரர் ஒருவர் சந்தின் ஓரம் படுத்துக் காதை வைத்தார். அப்புறம் மெதுவாக மூன்று விரலை நீட்டினார். உள்ளேயிருந்து யாரோ மூன்று முறை தட்டியிருக்கிறார்கள்.

முப்பது மணி நேரம் இயந்திரச் சத்தத்துக்குள் அந்தத் தட்டல் முங்கிக் கிடந்தது. பட்டறைக்காரர் ஓடி வந்து தலையில் கை வைத்தபோதுதான் ஆள் யார் என்று புரிந்தது. வீட்டிலேயே பொத்தான் தைத்து, விடியுமுன் வந்து மூட்டையைப் படிக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிற ஒரு பெண். பட்டறை வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது, குடித்தனக்காரர் பட்டியலிலும் கிடையாது. வீட்டில் அவள் வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அன்று பஸ் ஏறுவதாக இருந்ததால், போய்ச் சேர்ந்திருப்பாள் என்று இருந்துவிட்டார்கள்.

கீழேயிருந்து பார்த்தால் சந்துக்குள் எதுவும் தெரியவில்லை. எந்தக் கல்லை எடுத்தால் அவள்மேல் சரியும் என்று சொல்ல மேலே ஒரு ஆள் வேண்டும். அதிகாரி ஒரு வாக்கிடாக்கியை அவர் கையில் கொடுத்தார்.

"ஐயா, நீங்க மாடிக்குப் போங்க. அந்தக் கண்ணை விட்டுடாதீங்க. இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க."

அவர் மறுபடி ஏறினார். பொத்தானை அழுத்தினார். வெயில் இப்போது உச்சிக்குப் போயிருந்ததால் சந்து இன்னும் இருண்டிருந்தது. கட்டம் வரவில்லை. காவல்காரரிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார். அந்த மனிதர் ஓடிப்போய்க் கிடங்குக் கழிப்பறைக் கண்ணாடியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். விளிம்பில் நின்று வெயிலைச் சந்துக்குள் திருப்பினார்.

"கண்ணுல அடிக்காதப்பா. பக்கத்துக் கல்லுல அடி."

கல் வெளுத்தது. பச்சைக் கட்டம் வந்து உட்கார்ந்தது. வெளிச்சத்தைப் பார்த்ததும் உள்ளே தட்டல் வேகமானது என்று கீழேயிருந்து செய்தி வந்தது. யாரோ தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கு" என்றார் ஏணி.

அதற்குப் பிறகு நாலு மணி நேரம் அவர் பேசியது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். இருக்கு. இடது பக்கம் ரெண்டு அடி தள்ளிப் போங்க. இருக்கு. அந்தக் கம்பியைத் தொடாதீங்க, மேல்கல் ஆடுது. இருக்கு. கீழே கிரேனை விட்டுவிட்டு ஆட்கள் கையாலேயே கல்லை எடுத்தார்கள். அவள் இமை மூடினால் கட்டம் மறையும், இவர் மூச்சும் நிற்கும். திறந்தால் கட்டம் வரும். காவல்காரர் சூரியன் நகர நகரக் கண்ணாடியைச் சாய்த்துக்கொண்டே இருந்தார். பத்திரிகையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மூன்று மணிக்குக் கட்டம் மறைந்தது. ஒரு நிமிடம் வரவில்லை. ஐந்து நிமிடம் வரவில்லை. வாக்கிடாக்கியில் அதிகாரி கேட்டார், ஐயா, இருக்கா. இல்லை என்று சொல்லிவிட்டால் கீழே கைகள் ஒரு நொடி தயங்கும் என்று தெரியும்.

"பாத்துட்டிருக்கேன்" என்றார்.

காலையில் கட்டத்தை அணைத்துவைத்த அந்த ஒன்றரை மணி நேரம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. பத்து மணிக்கே இறங்கியிருந்தால் இந்நேரம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள். காவல்காரரிடம் அதைச் சொல்லவும் செய்தார். அவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல், "இப்ப அதைப் பாருங்கண்ணே" என்றார்.

பதினோரு நிமிடம் கழித்துக் கட்டம் வந்தது. நடுங்கிக்கொண்டே வந்து நின்றது. அவர் "இருக்கு" என்றது வாக்கிடாக்கி இல்லாமலே தெருவுக்குக் கேட்டிருக்கும்.

நாலு மணிக்கு அவளை வெளியே எடுத்தார்கள். இத்தனை நேரம் இருட்டில் கிடந்த கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்று, தூக்கும்போதே மருத்துவர் ஈரத் துணியால் அவள் கண்ணைக் கட்டிவிட்டார். தூக்குப்படுக்கையில் அவள் கை மட்டும் அசைந்தது. நாலு மணி நேரமாகப் பிடித்துவைத்திருந்த அந்த ஒரு கண் இப்போது துணிக்குள் இருந்தது. கேமரா தேடியது. பச்சைக் கட்டம் துணிமேல் அலைந்து, அங்கே ஒன்றும் கிடைக்காமல், தூக்குப்படுக்கையைப் பிடித்திருந்தவரின் கண்ணுக்குத் தாவியது. அந்தக் கண்ணில் நீர் நின்றது. அங்கிருந்து கிரேன் ஓட்டுநருக்கு. பிறகு சட்டையைக் கிழித்த போலீஸ்காரருக்கு.

அப்போது அதிகாரி மொட்டைமாடியைப் பார்த்துத் திரும்பிக் கையை உயர்த்தினார். அவர் பார்ப்பதைப் பார்த்து, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். பிறகு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற மொத்தத் தெருவும் நிமிர்ந்து பார்த்தது. எந்தக் கண்ணைப் பிடிப்பது என்று கேமராவே திகைத்துவிட்டது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் முளைத்தன. புழுதி அப்பிய முகங்கள், முகத்துக்கு ஒரு கண், அத்தனையும் உயிரோடு, அத்தனையும் அவரையே பார்த்துக்கொண்டு.

ஆயிரக்கணக்கான கூட்டங்களை எடுத்தவர். ஒரு கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாயைப் பிளந்து நின்றவருக்கு விரல் மட்டும் தன் வேலையை மறக்கவில்லை. அழுத்தியது.