ஓலைத்தொடுவாய்த் தெருக் கழுதைகள்

பேனாவின் மூடியைத் திரும்பப் போட்டு, அதை மேசையில் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார் பள்ளிக்கூட வான் ஓடுகிற நானா. கத்தவில்லை, கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பவும் இல்லை. காப்புறுதிப் படிவத்தில், விபத்து எப்படி நடந்தது என்று கேட்கிற இடத்தில் ‘கழுதை குறுக்கே வந்தது’ என்று எழுதுங்கள் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் இது நடந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரத்தில் அவருக்கு வியர்வை நின்றது. “தங்கச்சி, அது மட்டும் என்னால எழுதேலாது” என்றார். எனக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. மன்னார்த் தீவு முழுக்க எழுதுகிற ஒரு சொல்லை எழுதுவதற்கு இந்த மனிதருக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

நான் காப்புறுதி முகவர். மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கும் போன் கடைக்கும் நடுவே ஒற்றை மேசை போட்டு இருக்கிறேன். வாகனம் வைத்திருக்கிற எவரும் என்னிடம் வந்து கேட்கிற முதற் கேள்வி “அக்கா, ஆகக் குறைஞ்சது எது?” என்பதுதான். ஆகக் குறைந்தது எல்லோருக்கும் ஒன்றல்ல என்று விளங்கப்படுத்துவதிலேயே என் பாதி ஆயுள் போய்விட்டது. தாழ்வுபாட்டு மீன் லொறிக்கு ஒரு மாதிரி, வயலில் மட்டும் நிற்கிற உழவு இயந்திரத்துக்கு ஒரு மாதிரி. புதிதாக லைசென்ஸ் எடுத்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓடுகிற டீச்சருக்கு முழுக் காப்புறுதி இல்லாவிட்டால் எனக்கே நித்திரை வராது. கனடாவிலிருந்து லீவில் வந்து, மச்சானின் காரை வாங்கிக்கொண்டு பிழையான பக்கத்தால் பறக்கிற மாப்பிள்ளைமாரைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிழண்டிப்போன லொறிக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி போதும். கூலிக்கு ஓடுகிற வானைக் குடும்ப வான் என்று சொல்லி எடுத்தால் அன்றைக்கு மலிவு, அடிபட்ட அன்று ஒன்றுமே கிடையாது. வண்டி என்ன வேலை செய்கிறதோ அதை உள்ளபடி சொல்லுங்கோ, அதற்குள் எவ்வளவு குறைக்கலாமோ நான் குறைத்துத் தருகிறேன் என்பேன். என்னிடம் பொய் எடுபடாது என்று ஊருக்கே தெரியும்.

ஒரேயொரு பொய்க்கு மட்டும் என் மேசையில் இடம் இருந்தது. அதுதான் கழுதை. மன்னாருக்கு வந்தவர்களுக்குத் தெரியும், பட்டினத்துத் தெருவெல்லாம் கழுதைகள்தான். கடை வாசலில் கடதாசிப் பெட்டியை மென்றுகொண்டு நிற்கும், ஹோன் அடித்தாலும் திரும்பிப் பார்க்காது. அவற்றுக்குச் சொந்தக்காரன் இல்லை, சாட்சி இல்லை, பொலிஸ் விசாரணையும் இல்லை. போனில் பேசிக்கொண்டு மதிலில் ஏற்றினவரும் கழுதை என்பார், தூங்கி விழுந்தவரும் கழுதை என்பார். எழுதிக் கொடுத்தால் கொம்பனி மறுகேள்வி கேட்காமல் காசு தந்துவிடும். எத்தனை பேருடைய பிழைப்பை அந்த வாயில்லாப் பிராணி காப்பாற்றியிருக்கிறது!

நானாவின் வான் பள்ளிக்கூட வான். ஒரு கீறல்கூட விழாமல் வருசக்கணக்காக ஓடியவர், அதனால்தான் முழுக் காப்புறுதியை அவருக்கு என்னால் குறைத்துக் கொடுக்க முடிந்தது. அன்றைக்குப் பிள்ளைகளை ஏற்றுவதற்காக வெறும் வானோடு ஓலைத்தொடுவாய்த் தெருவால் வந்திருக்கிறார். நல்ல மத்தியானம். நேரான தெரு, வேறு வாகனமும் இல்லை. வான் திடீரென்று விலகிப் போய்ப் பனையில் மோதி முன்பக்கம் நசுங்கிவிட்டது. லீசிங்கில், மாதத் தவணைக்கு எடுத்த வான் அது. திருத்தி ஓடாவிட்டால் லீசிங்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வான் போனால் நானாவின் வீட்டில் உலை வைக்க வேறு வழி கிடையாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“அப்ப என்னத்தைக் கண்டனீங்கள் நானா? ஆடோ? மாடோ?” என்று கேட்டேன். அவர் வாசற் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒரு பொம்பிளை. இடுப்பில மூட்டை, தலையில முக்காடு. முக்காட்டுத் தொங்கலைப் பல்லால கடிச்சுக்கொண்டு வானுக்கு முன்னால வந்து கையைக் காட்டினா. நான் ஸ்டியரிங்கை வெட்டின வெட்டில பனையில போய் ஏறினது. இறங்கிப் பாத்தன், ஒருத்தரும் இல்லை.” வெயில் மயக்கம் நானா, நோன்பும் கீன்பும் பிடித்திருப்பீர்கள் என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. “அது எங்கட உம்மா” என்றார்.

முப்பது சொச்ச வருசத்துக்கு முன்னர் இந்தத் தீவிலிருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் ஆயுதக்காரர் வெளிக்கிடச் சொன்னார்கள். அடுப்பில் இருந்த சோற்றையும் விட்டுவிட்டு, அந்தத் தெருவால்தான் நானாவின் ஆட்களும் கரைக்கு நடந்தார்கள். கரையில் சனநெரிசல். ஏழு வயதுப் பையனாக இருந்த நானாவை மாமா தூக்கி ஒரு வள்ளத்துக்குள் போட்டுவிட்டார். உம்மா அதைக் காணவில்லை. மகன் பின்னால் தவறிவிட்டான் என்று நினைத்து, வந்த தெருவாலேயே திரும்பித் தேடிக்கொண்டு ஓடியிருக்கிறார். வள்ளம் கற்பிட்டியில் கரை தட்டிய பிறகு, பின்னால் வந்த ஒவ்வொரு வள்ளத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். ஒன்றிலும் உம்மா இல்லை. அவருடைய படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. அந்த நாட்களில் பக்கத்து ஊரில் எங்கள் வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்கள். அதை நினைத்தபோது எனக்கு நானாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

“அவவைக் கழுதையெண்டு எழுதிக் காசெடுத்திட்டு, நான் எந்த முகத்தோட அவவுக்காக அல்லாஹ்விட்ட துஆ கேக்கிறது?” என்றார். பிறகு படிவத்தை இழுத்து, தன் கையாலேயே ‘ஒரு பெண் வீதியைக் கடந்தார்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பெண் என்றால் எந்தப் பெண், எங்கே அவர், காயம் உண்டா, பொலிஸில் ஏன் முறைப்பாடு இல்லை என்று கொம்பனி நோண்டும். ஆள் இல்லாவிட்டால் பொய்க் கோரிக்கை என்று தள்ளிவிடும். தவறி நானா உண்மைக் கதையைச் சொன்னாரென்றால் இன்னும் மோசம். இல்லாத ஆளைக் காண்கிறவருடைய வானில் எந்தத் தாய் பிள்ளையை ஏற்றி விடுவாள்?

இரண்டொரு நாளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். போகிற வழியில்தான் உறைத்தது. அந்தத் தெருவில் கழுதை குறுக்கே வந்தது என்று நான் எழுதுவித்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அங்கே கழுதைக்கு என்ன வேலை? இருபுறமும் உவர்த்தரை, உடைமரம், பனை. ஒரு பிடி புல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. நான் தெரு ஓரமாக நடந்து பார்த்தேன், கழுதை விட்டை ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் எல்லோரும் எதைக் கண்டு வண்டியை விலக்கினார்கள்? ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு வந்த வேகத்தில் நானே ஒரு கோரிக்கை எழுதவேண்டி வந்திருக்கும்.

நேரே தாழ்வுபாட்டு மீன் லொறிக்காரரிடம் போனேன். அவர் எங்கள் ஊர்ப் பெடியன்தான், முந்தின வருசம் அதே தெருவில் கழுதை எழுதினவர். “உண்மையைச் சொல்லும், கழுதையோ?” என்று கேட்டேன். ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். “விடுங்கோ அக்கா, அது முடிஞ்ச கதை” என்றார். விடுகிற ஆளா நான்? கடைசியில் சொன்னார். “பொம்பிளைதான். லொறியை மறிச்சவ. பிறகு கண்ணாடிக்குக் கிட்ட வந்து, சீற்றுக்குக் கீழயெல்லாம் எட்டிப் பாத்தவ. என்னத்தையோ துலைச்சவள் மாதிரி.” அதை எழுதித் தாரும், ஒரு மனிசனுடைய வான் தப்பும் என்று கெஞ்சினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். முதலில் எழுதினது பொய் என்று ஆகிவிடும், எடுத்த காசைத் திருப்பிக் கேட்பார்கள், தன்னை மாட்டிவிட வேண்டாம் என்றார். அவரையும் பிழை சொல்ல முடியாது.

பிறகு கொம்பனியின் வவுனியாக் கந்தோரிலிருந்து சேதம் பார்க்கிற மதிப்பீட்டாளர் வந்தார். டயர் தடத்தைப் பார்த்து வண்டி வந்த வேகத்தைச் சொல்லுகிற, வாயில் சிரிப்பே இல்லாத மனிதர். படிவத்தைப் படித்துவிட்டு, “எந்தப் பொம்பிளை மிஸ்? ஆளைக் காட்டுங்கோ, இல்லாட்டி இண்டைக்கே கோரிக்கையை மறுத்துப்போட்டுப் போறன்” என்றார். இடத்தை ஒருமுறை பாருங்கோ சேர் என்று நான் மன்றாடினேன். அவருடைய காரிலேயே போனோம். அவர் ஓடினார், நான் பக்கத்தில், நானா பின்னால். மத்தியான வெயில் என்று ஏசி போட்டு, கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. தெற்கே காற்றாலைகள் வழமைபோலச் சுற்றிக்கொண்டிருந்தன. மன்னாரில் காற்று நிற்கிற நாள் எது? ஆனால் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் உடைமரங்களில் ஒரு இலை ஆடவில்லை.

பனைக்குக் கிட்ட வந்ததும் மதிப்பீட்டாளர் பிரேக் போட்டார். பதறிப்போய் அல்ல. பள்ளிக்கூட வாசலில் ஆள் கடக்கும்போது நிறுத்துவோமே, அப்படி மெல்ல. அவருடைய கண் காருக்கு முன்னால் ஒரு இடத்தில் குத்திட்டு நின்றது. நான் பார்த்தேன். வெறும் தெரு. சத்தியமாக நான் ஒருத்தரையும் காணவில்லை. அவருடைய தலை மட்டும் மெல்லமெல்ல என் பக்கம் திரும்பியது, என்னைத் தாண்டி என் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தது. நானும் திரும்பினேன். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், என் முகத்துக்கு நேரே, யாரோ வாயை வைத்து ஊதினதுபோல ஒரு வட்டம் பனித்திருந்தது. ஏசி போட்ட கார்க் கண்ணாடி வெளியே வியர்க்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு முகத்தளவுக்கு மட்டும் வியர்த்து, மங்கி, பிறகு நானா இருந்த பின்பக்கக் கண்ணாடியில் போய் அப்படியே வியர்க்காது. அந்தோனியாரே என்று வாய்க்குள் சொன்னேன்.

பின்னால் நானா கண்ணாடியை இறக்கினார். அனல் உள்ளே வந்தது. அவர் தாடி நரைத்த முகத்தை வெளியே நீட்டி, எதற்கோ காட்டுவதுபோல அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். “உம்மா” என்றார். இன்னொரு முறை, சின்னப்பிள்ளை கூப்பிடுவதுபோல, “உம்மா, இஞ்ச” என்றார். மதிப்பீட்டாளருடைய கண் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் எதையோ பின்தொடர்ந்து போய், தெருவின் தொலைவில் நின்றுவிட்டது. அப்போதுதான் உடைமரங்களில் காற்று திரும்ப அடித்தது.

“கிட்ட வந்து பாத்தவ, தங்கச்சி” என்றார் நானா. “கண்ணுக்குள்ள கண் வச்சுப் பாத்தவ. என்னைத் தெரியேல்ல. அவ ஏழு வயசுப் பிள்ளையை எல்லோ தேடுறா. நான் இப்ப அவவைவிட வயசு போனவன்.” பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சேர், நீங்கள் விரும்பினதை எழுதுங்கோ. கழுதையெண்டாலும் எழுதுங்கோ. எனக்கு இனி ஒண்டும் இல்லை” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் படிவத்தைத் தொடையில் வைத்து எழுதினார். ‘பெண் ஒருவர் வீதியைக் கடந்தது உண்மை. வானை விலக்கியது சாரதியின் பிழையல்ல. நேரில் உறுதிப்படுத்தினேன்.’ அதன் கீழ் கையெழுத்து வைத்துவிட்டுக் காரைத் திருப்பினார். கொம்பனி காசு தந்தது, வானும் திருத்தப்பட்டு ஓடுகிறது.

இப்போது அந்தத் தெருவிலிருந்து கோரிக்கை எதுவும் வருவதில்லை. மீன் லொறி, ஓட்டோ, டீச்சரின் கார் எல்லாம் மத்தியானத்தில் அந்தப் பனையடியில் ஒரு கணம் நின்று, அவர் எட்டிப் பார்க்கட்டும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போகின்றன. யார் யாருக்குச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் புதுச் சாரதிமாருக்கு எது மலிவு, எது வேண்டாம் என்று சொல்லி முடித்தபிறகு அதையும் சொல்லி விடுகிறேன். நானா மட்டும் பிள்ளைகளை ஏற்றியபிறகு அந்தத் தெருவால் வரமாட்டார், சுற்றித்தான் போவார். வானுக்குள் ஏழு வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள் அல்லவா. போகும்போது, வெறும் வானோடு, நாள் தவறாமல் அங்கே நிறுத்துகிறார். கண்ணாடியை இறக்கி, சின்ன வயதில் உம்மா தன்னைக் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்வாராம்.

போன கிழமை காப்புறுதியைப் புதுப்பிக்க வந்திருந்தார். வேலை முடிந்து எழும்பும்போது, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். “இப்பவாவது அடையாளம் பிடிச்சவவோ நானா?”

இல்லை என்று தலையாட்டினார். வாசற்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“ஆனா இப்ப முந்தியவிடக் கொஞ்ச நேரம் கூட நிக்கிறா.”