சிங்காரத்தின் தை மாத மொட்டை

வருஷத்தில் ஒரு நாள் சிங்காரம் மொட்டை போட்டுக்கொள்வார். காந்தி செத்த நாள் வந்துவிட்டது என்பதைத் திருவிடந்தைக் குப்பம் அந்தத் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். அன்றைக்கு அவருடைய கட்டுமரம் கரையில் கிடக்கும். வீட்டில் மீன் கிடையாது. சோறும் பரங்கிக்காய்ச் சாம்பாரும்தான். சாப்பிட்டுக் கை கழுவினதும் அவருக்கும் அவர் பெண்டாட்டி வேண்டாவுக்கும் சண்டை தொடங்கும்.

சண்டை பழைய சண்டைதான். நாற்பத்தெட்டில் அவர்கள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, காந்தியைச் சுட்டுவிட்டார்கள் என்று சேதி வந்தது. நாட்டுக்கே அப்பன் போய்விட்டான் என்று குப்பத்துப் பெரியவர்கள் சொல்ல, ஆம்பிளைகள் அத்தனை பேரும் வரிசையாகத் தலையைக் கொடுத்துவிட்டுக் கடலில் முழுகினார்கள். கல்யாண மாப்பிள்ளையும் சேர்த்துத்தான். சதுரங்கப்பட்டினத்தில் பெண் வீட்டு வாசலில் நின்றிருந்த வேண்டாவின் அப்பா, மணலில் மொட்டை மொட்டையாக வந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார். ஏதோ பண்டாரக் கூட்டம் என்று பிச்சைக்கு அரிசி எடுக்க உள்ளே போய்விட்டார். தாலி கட்டக் குனிந்தபோது தலைப்பாகை நழுவி வேண்டாவின் மடியில் விழுந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். அந்த மொட்டையை இன்றுவரை அவள் மன்னிக்கவில்லை.

“மொட்டைக்கு நானாத்தான் போயி ஒக்காந்தேன்” என்பார் சிங்காரம்.

“நீ எங்க ஒக்காந்த? மரத்து நெழல்ல தூங்கிகினு இருந்த. பாதித் தல போனப்புறம்தான் முழிச்சேன்னு உங்கம்மாவே சொல்லிச்சு!”

இப்படியே போய்க்கொண்டிருந்தது, எழுபத்து நாலு வரைக்கும். அந்த வருஷம் அவர்கள் மகள் பொன்னியைத் தன் பையனுக்குப் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து வரதன் வருவதாகச் சொல்லியனுப்பினார். பையன் சீனு பஸ் மெக்கானிக்கு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் பொன்னிக்கு எப்போது விடியும் என்று வேண்டா புலம்பிக்கொண்டிருந்தாள். வரதன் குறித்ததோ காந்தி செத்த அதே நாள்.

“யோவ், இந்த ஒரு வருசம் வுட்டுடு. மறாநாளு போட்டுக்கோ” என்று கெஞ்சினாள். சிங்காரம் மண்டையை ஆட்டினார். ஆட்டின அதே மண்டை காலையில் வழுவழுவென்று வாசலில் வந்து நின்றது.

கத்தக்கூட நேரமில்லை. “கேட்டா திருப்பதின்னு சொல்லு. வேற இன்னா சொன்னாலும் உனுக்கு வூட்ல சோறு கெடையாது” என்று சொல்லிவிட்டு, வாங்கி வைத்திருந்த வஞ்சிரத்தோடு அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தாள். கை ஓடவில்லை. மீனைப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள். “அந்த மனுசனுக்குத்தான் கிறுக்குன்னா, எனுக்கு இன்னா வந்துச்சு?” என்று தன்னையே திட்டிக்கொண்டு, மீனைப் பக்கத்து வீட்டுத் தனக்கோடியிடம் கொடுத்துவிட்டுப் பரங்கிக்காயை வெட்டினாள்.

வந்தவர்களில் வரதன்தான் முதலில் மூக்கை உறிஞ்சினார். கடலோர வீட்டில் மீன் வாசனையே இல்லை. அப்புறம் தலையைப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, திருப்பதியா?”

கதவுக்குப் பின்னாலிருந்து வேண்டா வேகமாகத் தலையாட்டினாள். சிங்காரம் அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“கோயிலு இல்ல. எழவு.”

வரதனின் பெண்டாட்டி பார்வதம் கையிலிருந்த பூவைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

“தீட்டு வூட்டுக்கா பொண்ணு பாக்கக் கூப்ட்டீங்க? யாரு போனது?”

“காந்தி.”

வரதன் எழுந்தே விட்டார். “அவுரு போயி இருபத்தாறு வருசம் ஆவுதுய்யா! எங்கப்பனுக்கே நாங்க பதினாறு நாளுதான் வச்சோம்!”

இனி மறைக்க என்ன இருக்கிறது? வேண்டா வெளியே வந்தாள். “நீங்களே நாயத்தச் சொல்லுங்க அண்ணாத்த” என்று பண்டாரக் கூட்டத்திலிருந்து தலைப்பாகை வரைக்கும் கொட்டித் தீர்த்தாள். பார்வதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வரதன் மட்டும் செருப்பைத் தேடினார்.

“இதுல தானா போயி ஒக்காந்தேன்னு பெரும வேற! தூங்கினவருக்குச் செரச்சி வுட்டாங்க” என்று முடித்தாள் வேண்டா.

“தூங்கல” என்றார் சிங்காரம். “நான் சின்னப் பையனா இருக்கச்சொல்ல எங்கப்பன் கடலுக்குப் போச்சு, வரல. பொணமும் கெடைக்கல. வந்துடும்னு சொல்லி எங்கம்மா என்ன மொட்ட போடவே வுடல. பொட்டும் அழிக்கல. அன்னிக்கு ஊரே ஒக்காந்துச்சு. நானும் ஒக்காந்தேன், காந்திக்கும் எங்கப்பனுக்கும் சேத்து. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிபோச்சு. அப்பன் போனத ஒத்துக்க மனசு இல்லாம, தூங்கிகினு இருந்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்துச்சு.”

செருப்பில் நுழைத்த காலை வரதன் வெளியே எடுத்தார்.

வேண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் கோபம் இன்னும் ஏறியது. “இத ஏன்யா இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லல?”

“நீ எங்க என்னப் பேச வுட்ட?”

முதலில் வாய்விட்டுச் சிரித்தது உள்ளே இருந்த பொன்னிதான். அப்புறம் வரதன். பார்வதம் பைக்குள் கையை விட்டுப் பூவை வெளியே எடுத்தாள்.

“இன்னா சம்பந்தி, கல்யாணத்தப் பங்குனியில வச்சிக்கலாமா?” என்றார் வரதன் உட்கார்ந்தபடி. “அதுக்குள்ள உனுக்கு முடி மொளச்சிடும். எங்க சனங்க அரிசி எடுக்க ஓடக்கூடாது, பாரு. எலையப் போடும்மா.”

கை நனைக்கச் சம்மதித்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரிதான். வேண்டா சாம்பாரை ஊற்றினாள். அந்த நேரம் பார்த்துத் தனக்கோடி வீட்டிலிருந்து வஞ்சிரம் வறுபடும் வாசனை வந்தது. வரதன் அந்தப் பக்கம் திரும்பினார். அப்புறம் இலையில் இருந்த பரங்கிக்காயைப் பார்த்தார்.

“அங்க இன்னா பார்வ அண்ணாத்த? குனிஞ்சி சாப்புடுங்க” என்றாள் வேண்டா.