ரயிலை நிறுத்திய பிள்ளை

மலாயாவில் ஜெராம் பக்கத்து நிலத்தில் கல் கிடையாது. எங்கே தோண்டினாலும் களிமண். அதற்குக் கீழே இன்னும் ஈரமான களிமண். ஆனால் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் ஒவ்வோர் அடுப்பும் மூன்று கருங்கற்களின் மேல்தான் எரிந்தது. நான் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்த புதிதில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று அவசரகாலச் சட்டப்படி லயங்களை முள்வேலிக்குள் மாற்றினார்கள். ஜனங்கள் சட்டி பானைகளோடு அந்தக் கற்களையும் லோரியில் ஏற்றியபோதுதான் அவை என் கண்ணில் பட்டன. இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது என்று கூலிகளை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டேன். ரயில் கொண்டுவந்த கல் என்றார்.

நானும் அண்ணனும் யுத்தத்துக்குப் பிறகு அங்கே பிழைக்க வந்தவர்கள். ரயில் ஓடிய ஊர் என்பதே எனக்குப் புதிய செய்தி. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிள்ளானிலிருந்து கோலா சிலாங்கூருக்கு ஒற்றைப் பாதை ஒன்று ரப்பருக்காகவும் கொப்பராவுக்காகவும் ஓடியிருக்கிறது. பெரிய ஸ்டேசன்கள் சில. மற்றவை கை காட்டினால் ரயில் நிற்கும் சிறு மேடைகள். ரோட்டில் பஸ்ஸும் லோரியும் பெருகியபின் ரயிலுக்கு ஆள் குறைந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். அடிக்கட்டைகள் வாய்க்கால்களுக்குப் பாலமாயின. கற்கள் அடுப்புக்கு வந்தன. மிஞ்சியது தண்டவாளம் கிடந்த ரயில் மேடு மட்டும். தோப்பு, காடு, கம்பம் என்னும் மலாய்க் கிராமம் எதற்கும் வளைந்து கொடுக்காமல், லாலான் புல் மூடி, நேராகப் போய்க்கொண்டிருந்தது.

சும்மா தெரிந்துகொள்ளலாம் என்று தொடங்கியது அண்ணியால் அவசியமாகிவிட்டது. அண்ணியின் அப்பா அந்த ரயில் பாதையில் கூலியாக இருந்தவர். பாதையை எடுத்தபின் குடும்பத்தோடு தோட்டத்துக்கு வந்தார். ஜப்பான்காரன் அவரைச் சயாம் ரயில் போட இழுத்துக்கொண்டு போனான், அவர் திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அண்ணிக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. இந்த நாட்டில் பிறந்ததற்குச் சாட்சி இல்லாதவர்களைக் கப்பலேற்றி விடுவார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சு. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை அப்படி அனுப்பியும் விட்டார்களாம். அண்ணிக்கு இந்தியாவில் ஒரு முகம்கூடத் தெரியாது. கைக்குழந்தை வேறு.

குடியுரிமைக்கு எழுதிப்போட அவளைக் கோலா சிலாங்கூருக்கு அழைத்துப் போனேன். எங்கே பிறந்தாய் என்று மலாய் அதிகாரி கேட்டார். ரயில் மேடையில் என்றாள். அவளுடைய அம்மா சொல்லிச் சொல்லி மனப்பாடமான கதையை அப்படியே ஒப்பித்தாள். பிரசவ வலி கண்டதும் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரயிலை நிறுத்தியிருக்கிறார்கள். ஏற்றுவதற்குள் பிள்ளை மேடையிலேயே பிறந்துவிட்டது. டிரைவர் எஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் பிடித்துக் கொடுக்க, அதில்தான் அவளைக் குளிப்பாட்டினார்களாம்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கதை நன்றாக இருக்கிறது, எந்த ஸ்டேசன் என்றார். அண்ணிக்குப் பெயர் தெரியாது. அவளுடைய அம்மா "டேசன்" என்று மட்டும்தான் சொல்வாளாம். பிரசவம் பார்த்தது பின்னாலிருந்த கம்பத்து மலாய்க்காரி என்பதும் தெரியும். பிறந்ததை நேரில் பார்த்தவர் யாரையாவது கூட்டிவரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு ரயில் மேட்டின் மேல் சைக்கிளை உருட்டினேன். கேட்டில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நம் ஆள்தான். காரணத்தைக் கேட்டுவிட்டு, "தண்டவாளமே இல்லாத ரயிலுக்கு நீ என்ன ஸ்டேசன் மாஸ்டரா? ஊரடங்குக்கு முன்ன வந்து சேருலா. பொறவு சுட்டுட்டோம்னு கோவிச்சுக்காத" என்றான்.

முதலில் கண்ட மேடைக்குப் பின்னால் கம்பமே இல்லை, ரப்பர் மரங்கள்தான். அடுத்த மேடைக்குப் பின்னால் கம்பம் இருந்தது. ஆனால் அங்கிருந்தவர்கள் எல்லாரும் ரயில் போனபின் குடிவந்தவர்கள். மூன்றாவதைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. லாலானுக்கு நடுவே ஓரிடம் மட்டும் சுத்தமாக இருந்தது. கல் வரிசை கட்டிய விளிம்பு. அதன்மேல் தேங்காய் மூடிகள் வெயிலில் காய்ந்தன. தலைக்குத் துணி கட்டிய ஓர் அம்மாள் குந்தி உட்கார்ந்து அவற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே பிரசவம் பார்க்கும் பீடான் யார் என்று கேட்டேன். நான்தான், யாருக்கு வலி என்றார். வலி அந்தக் காலத்தில் வந்தது என்று தொடங்கி, ரயில் கூலியின் மனைவி என்பதுவரைதான் சொன்னேன். அவர் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார்.

"ரயிலை நிறுத்தின பிள்ளையா? உயிரோடு இருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார்.

அடுத்த வாரம் மூவரும் பஸ்ஸில் போனோம். பீடானும் அண்ணியும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் மலாய் கடைக்குப் போகும் அளவு மலாய்தான்; அதனால் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

பீடான் சொன்னதை அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், எஞ்சின் சுடுதண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டியது நிஜமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"யார் சொன்னது?" என்றார் பீடான். "அந்தத் தண்ணீரில் எண்ணெய் நாற்றம். பச்சைப் பிள்ளைமேல் ஊற்றுவேனா? துணி அலசத்தான் ஆயிற்று. பிள்ளையை என் வீட்டுத் தண்ணீரில்தான் கழுவினேன்."

அண்ணி சொன்னதை அதிகாரி முன்பே எழுதி வைத்திருந்தார். இப்போது சாட்சியே அதைப் பொய்யாக்குகிறார். அண்ணி பாதி புரிந்து, பாதி புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். விஷயத்தைத் தமிழில் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். பேசி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வார்கள் என்றும், வாரம் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். இந்த அம்மாள் அங்கே இருந்திருக்கிறாள், போதும் என்று பேனாவை எடுத்தார். பீடானின் கைநாட்டை வாங்கிக்கொண்டார். பிறந்த இடமாகக் கம்பத்தின் பெயரை எழுதினார். ஸ்டேசனுக்குப் பெயர் இருந்ததா என்று பீடானுக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது பீடான் தம் கம்பத்தருகே இறங்கிக்கொண்டார். தென்னைகளுக்கு நடுவே ரயில் மேடு விட்டுவிட்டுத் தெரிந்தது. அண்ணி ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் அதுவரை ரயிலில் ஏறியதில்லை.

"நாத்தத் தண்ணியா இருந்தா என்ன தம்பி, ரயிலு நின்னுச்சுல்ல" என்றாள்.

வீட்டில் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அடுப்பில் பானையை ஏற்றினான். "எவ்வளவு நேரம்டா நின்னுச்சாம்?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அதை நான் கேட்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே மறுபடி போனேன். பீடான் தேங்காயைத் திருப்பிப் போட்டபடியே யோசித்தார். கடிகாரம் எல்லாம் தமக்குத் தெரியாது என்றார். டிரைவர் இரண்டு ரோக்கோ பிடித்து முடித்து, மூன்றாவதைப் பற்றவைத்தபோது பிள்ளை அழுததாம். அழுகையைக் கேட்டதும் அவர் அந்தச் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு எஞ்சினில் ஏறினாராம்.