மீதி ஓடுது

மனைவி செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் ஆரம்பித்துவிடுவார். "அடுப்படிக் குழாய்ல வாஷர் போச்சு. கேஸ் நாலு நாளைக்குத்தான் வரும். உன் செருப்பு வார் நாளைக்கு அறுந்துரும்." முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு வருகிற பெண்ணுக்கு இதுதான் வரவேற்பு. "நல்லா இருக்கறது ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்" என்பார் அந்த அம்மாள். "நல்லா இருக்கறதை எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்பார் இவர். கிண்டலில்லை, நிஜமாகவே அவருக்குப் புரிவதில்லை.

தெருவில் அவருக்கு 'ரிப்பேர்' என்று பெயர். பழைய ஸ்கூட்டரை வாங்க வந்த ஆளை வாசலிலேயே நிறுத்தி, பிரேக் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் யோசித்துத்தான் பிடிக்கும் என்று தொடங்கி ஏழு குறைகளை ஒப்பித்தவர் அவர். வந்தவர் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டினார். நல்லவேளை, கல்யாணத் தரகு வேலைக்கு இவர் போகவில்லை.

எல்லாம் தொழில் கொடுத்த பழக்கம். காகித ஆலையில் இருபத்திரண்டு வருஷம் பாய்லர் ஆபரேட்டர். ஷிஃப்ட் மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் கோளாறுகளை மட்டும்தான் சொல்வார். எந்த வால்வு ஒழுகுகிறது, எந்த மீட்டரை நம்பக்கூடாது என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் "மீதி ஓடுது" என்று முடிப்பார். அங்கே பாராட்டு என்பது அவ்வளவுதான். ஒருநாள் ஒருவர் வீட்டுக்குப் போகிற அவசரத்தில், பிரஷர் மீட்டரின் முள் சிக்குவதைச் சொல்லாமல் போய்விட்டார். அடுத்து வந்தவருக்குக் கை முழங்கை வரை வெந்துபோனது. தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் இவரும் ஒருவர். அன்றிலிருந்து இவருடைய பட்டியல் இன்னும் நீண்டுவிட்டது.

ஆலையை மூடிப் பதினாலு மாதமாகிறது. வயது ஐம்பத்தொன்று. இதுவரை மூன்று நேர்காணல், மூன்றுக்கும் அதே வெள்ளைச் சட்டை. மூன்றிலும் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள், இவரும் ஷிஃப்டை ஒப்படைப்பதுபோலத் தன்னை ஒப்படைத்துவிட்டு வந்தார். சொல்லி அனுப்புவதாகச் சொன்னவர்கள் யாரும் சொல்லி அனுப்பவில்லை. உள்ளே என்ன பேசினார் என்பது தெரியவந்த அன்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

பால் கம்பெனியிலிருந்து பாய்லர் வேலைக்கு அழைப்பு வந்ததும், மனைவி ஒரு வாரம் அவரை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பாய்லர் ஓட்ட முதல் வகுப்புச் சான்றிதழ், தன் ஷிஃப்டில் ஒரு விபத்துகூட இல்லாத இருபத்திரண்டு வருஷம், காய்ச்சலிலும் லீவு போடாத ஆள். அவரும் சளைக்காமல் ஒப்பித்தார்.

"யாரோ ஒரு பெரிய மனுஷனைப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கு" என்றார்.

"அந்தப் பெரிய மனுஷன் வேலைக்குப் போனாத்தான் நான் ரெண்டாவது ஷிஃப்டை விட முடியும்" என்றார் மனைவி, வீங்கிய கணுக்காலைத் தேய்த்தபடி. அவர் மறுபடி முதலிலிருந்து ஒப்பித்தார்.

நேர்காணல் அறையில் இரண்டு பேர். நேர் எதிரே படிவத்தோடு ஒரு அதிகாரி அம்மாள். ரிப்பேருக்கு இடது பக்கம், மேசை ஓரத்தில், தலை நரைத்த என்ஜினீயர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ரிப்பேர் சான்றிதழைச் சொன்னார், இருபத்திரண்டு வருஷத்தைச் சொன்னார், லீவைப் பற்றியும் சொன்னார். தடங்கலே இல்லை. அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

பாடம் முடிந்துவிட்டது. எழுந்து வணக்கம் சொல்லவேண்டியதுதான் பாக்கி. ஆனால் ரிப்பேர் எழவில்லை. பாவம், இவர்கள் எதுவும் தெரியாமல் தன்னை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. மனைவியின் கணுக்காலும் கண்முன் வந்துபோனது. எழுந்துவிடலாம் என்று நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்தார். முடியவில்லை.

"இடது காது சரியாக் கேக்காது மேடம். பாய்லர் பக்கமா நின்ன காது. வலது முழங்கால் இரும்புப் படில ஏற மக்கர் பண்ணும். கண்ணாடி போடலன்னா மீட்டர் முள் தெரியாது. பசி வந்தா கோபம் வரும்." வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று யோசித்தார். "மீதி ஓடுது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். போச்சு என்று ரிப்பேருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் எப்படிச் சொல்வது என்பதை அங்கேயே யோசிக்க ஆரம்பித்தார். என்ஜினீயர் ஏதோ கேட்டதுபோலிருந்தது. உதடு அசைந்தது தெரிந்தது, வார்த்தை காதில் விழவில்லை.

என்ஜினீயர் மறுபடி கேட்கவில்லை. எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்து வந்தார். அவர் வருவதைப் பார்த்த ரிப்பேர், உட்கார்ந்தபடியே தன் நாற்காலியை இடப்பக்கமாக நகர்த்தி, வலது காதுப் பக்கம் இடம் விட்டார்.