உஷாராணியும் பதினான்கு வயது டவரும்

கிள்ளான் தாமான் செந்தோசாவில் உஷாராணி கை படாத கல்யாண ஆல்பம் குறைவு. ஆனால் அவர் அந்தக் கல்யாணங்களில் பாதிக்கு மேல் போனதே இல்லை. படம் எடுப்பவர்கள் அனுப்பும் இரண்டாயிரம், மூவாயிரம் படங்களிலிருந்து நூறைப் பொறுக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, அச்சுக்கு அனுப்புவது அவருடைய தொழில். எந்த மாமா எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருக்கிறார், அவர் கண் திறந்திருக்கும் ஒரே படம் எது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்காவது பாசாரில், சந்தைக் கூட்டத்தில், முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிடுவார். அந்தப் பெண் திகைத்து நின்ற பிறகுதான், இவளைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வரும்.

வயது ஐம்பத்து நான்கு. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ஷா ஆலமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனவர். கம்பெனி பஸ் விடியற்காலை ஐந்தரைக்கு வரும். பச்சைச் சர்க்கிட் பலகைகளைப் பெரிய லென்ஸுக்கடியில் வைத்து, எந்த ஈயப்பொட்டு சரியாக ஒட்டவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. பதினேழு வருடம் பார்த்தார். தொழிற்சாலை வேறு நாட்டுக்கு இடம்பெயர்ந்ததும், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து ஆல்பம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டார். பிறகு வீட்டின் முன்னறையிலேயே தொழில்.

அந்த அறையில் மேசைக்கடியில் நிற்பது ஒரு வெள்ளிநிற மேக் டவர் கணினி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு விளம்பரக் கம்பெனி மூடியபோது வாங்கியது. அரிசி மூட்டை கனம் கனக்கும். அதைக் காரில் ஏற்றி, பின்சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்தவர் அவருடைய கணவர் ஜெயராஜ். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். எவ்வளவு கனமான சாமானையும் அலுங்காமல் இறக்கிவைப்பார். வீட்டில் ஏர்கோன் இருக்கும் ஒரே அறை டவருக்குத்தான் என்று அவருக்கு ஒரு சின்னக் குறை உண்டு. அந்தக் குறையை மத்தியான வேளையில் அதே அறையில் பாய் விரித்துத் தூங்கித் தீர்த்துக்கொள்வார்.

டவர் பல வருடம் சுகமாக ஓடியது. போன வருடத்தில்தான் ஒவ்வொன்றாக மக்கர் செய்யத் தொடங்கியது. ஆல்பங்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் அச்சடிக்கும் குமரப்பன் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கிறவர். அவர் படங்களை இணையத்தில் ஏற்ற ஒரு புதிய பக்கம் போட்டார். உஷாராணியின் கணினியில் அந்தப் பக்கம் திறக்கவே மறுத்தது. ஆல்பம் மென்பொருளும், கணினியை இயக்கும் இந்தப் பழைய ஓ.எஸ்.ஸில் இனி ஓட மாட்டேன் என்று அறிவித்துவிட்டது. உஷாராணி கையடக்க ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு, கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்து குமரப்பன் கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மாதத்தில் இரண்டு முறை என்பது வாரத்தில் இரண்டு முறை ஆனது.

ஒருநாள் வரும் வழியில் ஒரு கணினிக் கடையில் விசாரித்தார். டவருக்கு வயது பதினான்கு என்று கேட்டதும் கடைக்காரர் நல்ல மனதோடுதான் சிரித்தார்.

“அது மியூசியம் சாமான் ஆன்டி. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க லா.”

அந்தச் சிரிப்பு உஷாராணிக்கு உறைத்தது. டவரின் உள்பக்கத்தை அவர் பலமுறை திறந்து தூசு தட்டியிருக்கிறார். அந்தப் பலகையில் ஒரு பொட்டுகூடப் பழுதில்லை என்பது பதினேழு வருடம் பலகை பார்த்த கண்ணுக்குத் தெரியாதா? உடம்பு நன்றாக இருக்கும்போது ஆளைத் தூக்கிப் போடச் சொல்கிறானே என்று அன்று முழுக்க முனகினார்.

மறுநாளிலிருந்து படிக்கத் தொடங்கினார். இதே டவரை வைத்திருக்கும் ஆட்கள் உலகமெங்கும் இருந்தார்கள். அவர்கள் இணையத்தில் எழுதிவைத்ததையெல்லாம் படித்து, தொழிற்சாலையில் சுவரில் மாட்டியிருக்கும் செய்முறை அட்டை மாதிரியே ஒரு நோட்டில் வரிசை போட்டார். புதிய ஓ.எஸ். வேண்டுமானால் முதலில் அதற்கு ஏற்ற, திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அடுத்து ஃபெர்ம்வேரை மாற்ற வேண்டும். அதாவது, கரண்ட் வந்ததும் கணினியை எழுப்பிவிடுகிற, பலகையிலேயே பதிந்திருக்கும் சின்ன நிரலை. அதற்குப் பிறகுதான் ஓ.எஸ். அது ஏறும்போது, ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையையும் பழையதிலிருந்து புதியதாக மாற்றிவிடும். வரிசை தப்பக் கூடாது. அதிலும் ஃபெர்ம்வேர் மாறும்போது பாதியில் கரண்ட் போனால் பலகை செத்ததுதான், எழுப்ப ஆளில்லை.

கார்டு, செமினியில் ஒருவரிடம் இரண்டாம் கையாகக் கிடைத்தது. ஜெயராஜ் காரில் போய் வாங்கி வந்தார், உஷாராணி அதை டவரில் பொருத்தினார். பத்து வருட ஆல்பங்களும் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகல் எடுக்கப்பட்டன. கிள்ளானில் மழையும் இடியும் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் என்பதால் ஞாயிறு காலை எட்டு மணி என்று முடிவானது. அன்று வீட்டில் துணி துவைக்கும் மெஷின் ஓடக் கூடாது, ரைஸ் குக்கர் கூடாது, கெட்டில் கூடாது. ஜெயராஜுக்கு ஒரே ஒரு பொறுப்பு: சுவர்ப் பிளக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரும் அதைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது. வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. ஆனாலும் அவர் உட்கார்ந்தார்.

உஷாராணி டவரை அணைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தார். விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை விடக் கூடாது என்று நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார். சிமிட்டியது. நீளமாக ஒரு ‘பீப்’ ஒலி வந்தது. விரலை எடுத்தார். பழைய கார்டாக இருந்தால் திரையில் ஏதாவது கோடு ஊர்ந்திருக்கும். இந்தக் கார்டு, ஓ.எஸ். முழுதாக எழுந்த பிறகுதான் படம் காட்டும். ஆகவே திரை கன்னங்கரேல் என்று இருந்தது. அந்தக் கறுப்புக்கு நடுவே, யாரும் தொடாமலே டவரின் சிடி தட்டு நாக்கை நீட்டுவதுபோல் மெதுவாக வெளியே வந்தது.

ஜெயராஜ் எழுந்துவிட்டார்.

“என்னா உஷா, சிடி கேக்குதா? நம்ம கிட்ட இருக்கிறது சாமி பாட்டு சிடிதான்.”

“ஒண்ணும் கேக்கல. உக்காருங்க. அப்படித்தான் வரும்னு போட்டிருக்கு.”

அப்படித்தான் வரும் என்று போட்டிருந்தது உண்மை. ஆனால் படிப்பது வேறு, பார்ப்பது வேறு. விசிறிகள் உறுமின, அடங்கின, மறுபடி உறுமின. உஷாராணி நோட்டின் அந்த வரியை விரல் வைத்து மறுபடி படித்தார். தொழிற்சாலையில் முதல் வாரம், ஒரு தட்டு நிறையப் பலகைகளைக் கீழே போட்டுவிட்டு நின்றது நினைவுக்கு வந்தது. எட்டு நிமிடம் போனது. பக்கத்து வீட்டில் யாரோ தோசைக்கல்லில் எண்ணெய் விடும் சத்தம்கூடக் கேட்டது. திடீரென்று டவர் தன் வழக்கமான ‘டாங்’ ஒலியோடு விழித்துக்கொண்டது. ஒரு நிமிடத்தில் திரையில் வெளிச்சம் வந்தது. உஷாராணி வாய்விட்டுச் சிரித்தார். ஜெயராஜ் பிளக்கைத் தொட்டுக் கும்பிட்டார்.

மீதியெல்லாம் தடையில்லாமல் போனது. பதினோரு மணிக்குள் ஓ.எஸ். ஏறி, கோப்பு முறையும் மாறியிருந்தது. படங்கள் முன்னைவிடச் சட்டென்று திறந்தன. குமரப்பனின் இணையப் பக்கம் ஒரு வார்த்தை பேசாமல் திறந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் உஷாராணி நோட்டில் இல்லாத ஒரு வேலையைச் செய்தார். குமரப்பன் கடைக்குத் தூக்கிச் செல்லும் கையடக்க டிஸ்க்கும் பழைய முறையில் ஏன் கிடக்க வேண்டும் என்று அதையும் புதிய முறைக்கு மாற்றிவிட்டார்.

புதன்கிழமை பிரிக்பீல்ட்ஸில் வேறு வேலை இருந்ததால், போகிற வழிதானே என்று டிஸ்க்கையே குமரப்பனிடம் எடுத்துப்போனார். அதில் இருந்தது ஷா ஆலமில் ஒரு கல்யாண வீட்டு ஆல்பம். கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது, சனிக்கிழமை விருந்து. விருந்து மண்டப வாசலில் ஆல்பம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முடித்த பக்கங்கள் அந்த டிஸ்க்கில் மட்டுமே இருந்தன. அதிலேயே வைத்துச் செய்ததால் நகல் எடுக்கத் தோன்றவில்லை.

குமரப்பன் நெற்றி நிறைய விபூதியும், எதையும் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரமும் உள்ள மனிதர். டிஸ்க்கைச் சொருகினார். இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று திரையில் செய்தி வந்தது. கீழே மூன்று பொத்தான்கள். கணினி எதைக் கேட்டாலும் முதல் பொத்தானை அழுத்திப் பழகியவர் அவர். அந்த முதல் பொத்தான், டிஸ்க்கை அடியோடு துடைத்துப் புதிதாக்குவது. அவருடைய விரல் மவுஸில் இறங்குவதற்கு முன்பே உஷாராணி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“அண்ணே, கைய எடுங்க. எதையும் அழுத்தாதீங்க.”

குமரப்பன் கையை எடுத்தார். உஷாராணி டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றி, கழற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தவறு யாருடையது என்று யோசிக்கவே தேவையில்லை. குமரப்பனின் கணினி பழைய ஓ.எஸ்.ஸிலேயே ஓடுகிறது. புதிய முறையில் அடுக்கிய டிஸ்க் அதற்கு வெறும் இரும்பு. தன் வேலைதான் இது என்று உஷாராணி ஒளிக்காமல் சொன்னார். ஆனால், புதிய இணையப் பக்கம் போட்டவர் தன் கணினியைப் பத்து வருடமாக அப்படியே வைத்திருப்பதைப் பார்த்ததும் கேட்காமலும் இருக்க முடியவில்லை. தினமும் வரும் ஆல்பங்களை எப்படித்தான் இறக்குகிறார்? மருமகனின் மடிக்கணினியில் இறக்கி, பென்டிரைவில் போட்டு, இதற்குக் கொண்டுவருவதாகக் குமரப்பன் கொஞ்சம் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டார்.

“எல்லாரையும் அப்டேட் பண்ணச் சொல்லிட்டு நீங்க இப்படி இருக்கீங்களே அண்ணே.”

“பயம்மா. பன்னண்டு வருசத்து கல்யாணப் பத்திரிகை எல்லாம் இதுலதான் இருக்கு.”

உஷாராணி அடுத்த கோமுட்டரில் வீடு திரும்பினார். டிஸ்க்கை டவரில் சொருகியதும் பக்கங்கள் அத்தனையும் அலுங்காமல் இருந்தன. முதல் வேலையாக ஒரு நகல் எடுத்தார். பிறகு, இத்தனை நாள் அவருக்குத் திறக்காத அந்த இணையப் பக்கத்தின் வழியாகவே ஆல்பத்தை ஏற்றினார். இருபது நிமிடத்தில், வந்து சேர்ந்தது என்று குமரப்பனிடமிருந்து செய்தி. வெள்ளிக்கிழமை ஆல்பம் தயாரானது. சனிக்கிழமை மண்டப வாசலில் ஒரு பாட்டியம்மா அதை மடியைவிட்டு இறக்கவில்லை என்று படம் எடுத்தவர் சொன்னார்.

அடுத்த வாரம் குமரப்பனே கூப்பிட்டார். தன் கணினிக்கும் அந்த மாதிரி ஒரு ஞாயிறு ஒதுக்க முடியுமா என்று கேட்டார். உஷாராணி நோட்டோடு போனார். கிராஃபிக்ஸ் கார்டு தொல்லை அதற்கு இல்லை. இரண்டு நகல் எடுக்கும்வரை கீபோர்டைத் தொட விடவில்லை. குமரப்பன் அன்று கடையில் சாம்பிராணி போட்டார். புகை கணினிக்கு ஆகாது என்று சொல்லி அதை வாசலுக்கு அனுப்பினார் உஷாராணி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. பன்னிரண்டு வருடப் பத்திரிகைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை என்று குமரப்பன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, தன் மகளின் கல்யாணப் பத்திரிகையில் வந்து நின்றார்.

பேச்சு பரவியது. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு உஷாராணி யாராவது ஒருவருடைய பழைய கணினிக்கு முன்னால் இருக்கிறார். எல்லாவற்றையும் காப்பாற்றிவிடலாம் என்று அவர் சொல்வதில்லை. போன மாதம் ஒரு வயலின் ஆசிரியர் வீட்டில் டவரைத் திறந்து, லென்ஸ் வைத்துப் பலகையைப் பார்த்துவிட்டு, மூடி மறுபடி திருகு போட்டார்.

“இது முடிஞ்சிருச்சு சார். உள்ள இருக்கிறத மட்டும் பத்திரமா எடுத்துக் குடுத்திர்றேன். புதுசு வாங்கிருங்க.”

ஆசிரியர் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு அவர், அப்படியானால் எதை வாங்கலாம் என்று கேட்டார். உஷாராணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டில் ஒரு புதிய பக்கம் திருப்பினார்.