தொடை வேகும் வரை

புகைக்கறிக் கடை நடத்தும் அவர் தெருவுக்குப் புகையண்ணன். கறி வேகக் காத்திருக்கும் பொறுமை அவருக்கு மலையளவு. மனிதர்களிடம் கடுகளவும் கிடையாது. "இன்னும் எவ்வளவு நேரம்ணே?" என்று கேட்பவனிடம், "மாட்டைக் கேளு" என்பார்.

கடைக்குப் பின்னால் ஆளுயர இரும்புப் பெட்டி. அடியில் கட்டை கனலும். மேலே தட்டுத் தட்டாகக் கறி புகையில் வேகும். உச்சியில் பன்றித் தோள். அதன் கொழுப்பு சொட்டி, கீழே இருக்கும் மாட்டுத் தொடையைக் காயவிடாது. அதற்கும் கீழே விலா. கோழி எப்போதும் அடித்தட்டில். பச்சைக் கோழியின் நீர் வேறெதன்மேலும் விழக்கூடாது. எல்லாம் ஒன்றாக உள்ளே போகும். வெளியே வருவது அதனதன் இஷ்டம்.

"நாலு மாமியாரை ஒரே வீட்டுல வெச்ச மாதிரிப்பா இது. தனித்தனியா வேக வைங்களேன்," என்பாள் மகள். அவள் பாய்லர் இன்ஜினியர்.

"ஒவ்வொருத்தியையும் நேரம் பார்த்து வழியனுப்பத் தெரிஞ்சவனுக்கு நாலு என்ன, எட்டு மாமியார்கூட இருக்கலாம்."

அன்று காலை போனில் அவர் குரல் சரியில்லை. மகள் துருவிக் கேட்டதும், இடது கை மரத்துப் போகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றார்.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கப்பா."

"கோழிய எடுத்துட்டுப் போறேன்."

அவள் பஸ் பிடித்தாள். வழியில் மறுபடி அழைத்தாள்.

"கோழி வந்துருச்சா?"

"வந்துருச்சு. விலா இப்பத்தான் இளகுது. விட்டா உதிர்ந்துரும்."

கல்லாவில் இருக்கும் சித்தப்பாவை அழைத்தாள். "குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போங்க சித்தப்பா!"

"கார் வாசல்லயே நிக்குதும்மா. அண்ணன் கேட்டாத்தானே? பெட்டியை நான் பார்த்துக்கறேன்னா, 'நீ பார்த்தா கரிதான் மிஞ்சும்'ங்கிறாரு."

கடைசி அழைப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. "தோள் வந்துருச்சும்மா. இனி தொடை மட்டும்தான்."

"தொடை எக்கேடோ கெட்டுப் போகட்டும்!"

"கத்தாதே. அது வந்ததும் நானே நடந்து போயிடுவேன்."

அவள் வேலை செய்யும் இடத்தில் அபாயச் சங்கு ஊதினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். மேலாளரும்தான். 'இதை மட்டும் முடிச்சுட்டு' என்று அங்கே எவனும் நிற்பதில்லை.

அவள் வந்து சேர்ந்தபோது, வீட்டு முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பெட்டிக்கு முன்னால், நாற்காலியிலேயே போய்விட்டாராம். மடியில் இடுக்கி.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நேரே கடையின் பின்பக்கம் போனாள். பெட்டியை யாரும் திறந்திருக்கவில்லை. அவர் உயிரோடிருந்தபோது அவரிடம் வாங்கிய திட்டு, அவர் செத்த பிறகும் எல்லார் கையையும் கட்டிப் போட்டிருந்தது. கட்டை சாம்பலாகியிருந்தது. கதவை இழுத்துத் திறந்து, தொடையில் கம்பியைக் குத்தினாள். தடையே இல்லாமல் இறங்கியது.

பின்னாலேயே வந்த சித்தப்பா கேட்டார்: "வீணாப் போச்சாம்மா?"

"வீணாப் போயிருந்தாக்கூட மனசு ஆறும். பதமா வெந்திருக்கு, சித்தப்பா. யாரும் காவல் இல்லாம, அதுபாட்டுக்கு வெந்திருக்கு."

தட்டோடு தூக்கி அவர் கையில் திணித்தாள். சூடு தாங்காமல் அவர் தடுமாறினார்.

"கொண்டு போய் உங்க அண்ணன்கிட்டக் காட்டுங்க!"