அலவத்துகொடையில் ஒரு கொப்பி

எழுபதுகளில் நான் பேராதனையில் வரலாறு படிப்பிக்கும் உதவி விரிவுரையாளர். எங்கள் உம்மாமார் காலத்துப் பெண்கள் என்ன யோசித்தார்கள் என்பதை எழுத ஆசைப்பட்டேன். "அதற்கு ஆதாரம் எங்கே?" என்றார் என் பேராசிரியர்.

அலவத்துகொடையில் என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி இருந்தாள். மௌத்தாகி அடக்கமாகிவிட்ட தன் உம்மா கைப்பட எழுதிய கொப்பி ஒன்று இருப்பதாகச் சொன்னாள். போனேன். அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தாள். அரபு எழுத்தில் எழுதிய தமிழ். சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் அதை வாசிக்கப் பழகியிருந்தேன்.

"நானா அஸர் தொழுகைக்குப் பொறகுதான் கடையால வருவார். அதுக்குள்ள எழுதிக்கோ," என்றாள். அண்ணனுக்குத் தெரியாமல்தான் எடுத்திருந்தாள்.

குனிந்த தலை நிமிராமல் பார்த்து எழுதினேன். பெண்பிள்ளைகளுக்கு வாசிக்க மட்டும் சொல்லிக்கொடுத்து, எழுத விடாத வழக்கத்தை எதிர்த்து அந்த உம்மா பக்கம் பக்கமாக வாதாடியிருந்தார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் சிநேகிதி ஜன்னலுக்கு ஓடினாள்.

பதினோராம் பக்கத்தில் இருந்தபோது நானா உள்ளே வந்துவிட்டார். அன்றைக்கென்று கடையை நேரத்துக்கு முன்பே பூட்டியிருந்தார்.

"எங்கட உம்மாட கொப்பிதானே இது? யாரு எடுத்துக் குடுத்த?"

சிநேகிதி சுவரோரம் ஒதுங்கினாள். "நான்தான் கேட்டு வாங்கின, நானா," என்றேன்.

கொப்பியை வாங்கிப் பார்த்தார். "இந்தக் கையெழுத்து எனக்கு வெளங்கல்ல. என்ன எழுதி ஈக்கி? வாசிங்க," என்று திருப்பி நீட்டினார்.

அந்தப் பக்கத்தில் உம்மா எழுதியிருந்தது தன் கணவரை, நானாவின் வாப்பாவைப் பற்றி. தாவிவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் உம்மா சொன்னதை மகனிடமே மறைத்துவிட்டு நான் என்ன வரலாறு எழுதப்போகிறேன்? வாசித்தேன்.

'இவர் மைக்கூட்டை ஒளித்துவிட்டார். அடுப்புக்கரியைக் கரைத்து எழுதுகிறேன். அறிவைத் தந்தவன் அல்லாஹ். தடுக்க இவர் யார்?'

கொப்பியைப் பறித்து அடுப்பில் போடுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

"உம்மாட வெரல் எப்பவும் கறுப்பாத்தான் ஈக்கும். குசினியில அடுப்பு வேலையால எண்டு நெனச்ச," என்றார் மெதுவாக.

பிறகு கொப்பியை என்னிடமிருந்து வாங்கி மூடிக் கையில் வைத்துக்கொண்டார். "எழுதினத கொண்டு போங்க. ஆனா உம்மாட பேர் எங்கயும் வரப்படாது. வாக்குத் தாங்க."

என் தாள்களையும் பிடுங்கிவிடுவாரோ என்ற பயம். தலையாட்டி வாக்குக் கொடுத்தேன்.

அந்தப் பதினோரு பக்கங்களை வைத்துத்தான் என் முதல் கட்டுரையை எழுதினேன். அதற்குப் பிறகு பேராசிரியரும் ஆதாரம் கேட்கவில்லை. என் வேலைக்கு ஒரு வழி திறந்தது. அச்சான பிரதியைச் சிநேகிதியிடம் கொண்டுபோனேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"உம்மாட பேர் எங்க?"

"நானாவுக்கு வாக்குக் குடுத்தேனே."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? எனக்கும் அவ உம்மாதானே?"

கேட்கவில்லை. நான் அவரிடம் தலையாட்டியபோது அவள் அதே அறையில்தான் நின்றிருந்தாள். அவள் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண்களைப் பற்றி எழுத வந்தவள் நான்.

மறுபடி நாங்கள் சகஜமாகப் பேச இரண்டு வருடம் ஆனது. மிச்சப் பக்கங்களைக் காட்டும்படி கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.